விமர்சனக் கோட்பாடு: மறைக்கப் பிறந்த சொல், திறந்துகாட்டிய பொருள்

1937ஆம் ஆண்டு ஓர் ஆய்விதழில் ‘மரபுக் கோட்பாடும் விமர்சனக் கோட்பாடும்’ என்ற கட்டுரை வெளிவந்தது. இதழின் மொழி ஜெர்மன். ஆனால் அது ஜெர்மனியில் அச்சாகவில்லை. வெளியிட்டவர்கள் பாரிஸில் இருந்தார்கள். நடத்தியவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள். கட்டுரையாசிரியர் மாக்ஸ் ஹோர்க்ஹைமர், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹிட்லர் அரசால் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் தலைப்பில் வைத்த ‘கிரிட்டிஷே தியோரி’ என்ற தொடர்தான் இன்று பிராங்பர்ட் சிந்தனை மரபின் பெயராக உலகெங்கும் வழங்குகிறது. தமிழில் அதை ‘விமர்சனக் கோட்பாடு’ என்கிறோம்.

இந்தப் பெயர் பிறந்ததற்கு இரண்டு தேவைகள் உண்டு. வெளிப்படையாகச் சொன்னால் ஆபத்தாகக்கூடிய வேறொரு சொல்லை மறைக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய சொல்லுக்குள் அடங்காத ஒரு புதுச் சிந்தனைக்குப் பெயரும் வேண்டியிருந்தது. மறைப்புக்காக வந்த சொல் தனக்கென ஒரு பொருளைச் சம்பாதித்துக்கொண்டது எப்படி, அதற்காக அந்தச் சிந்தனையாளர்கள் கொடுத்த விலை என்ன என்பதை இங்கே பின்தொடர்ந்து பார்க்கலாம்.

வேர்ச்சொல்

ஜெர்மன் மொழியின் ‘கிரிட்டீக்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘கிரினைன்’ என்ற கிரேக்க வினைக்குப் பிரித்தெடுத்தல், தேர்தல், தீர்ப்புச் சொல்லுதல் என்று பொருள். அதே வினையிலிருந்து நடுவரைக் குறிக்கும் ‘கிரிட்டேஸ்’ பிறந்தது. ‘கிரிசிஸ்’ என்ற சொல்லும் பிறந்தது. கிரேக்க மருத்துவர்களுக்குக் கிரிசிஸ் என்றால் நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று தெரிந்துவிடும் திருப்புமுனை. இன்று நெருக்கடி என்று நாம் பெயர்க்கும் சொல்லும் விமர்சனம் என்று பெயர்க்கும் சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1930இல் விமர்சகர் வால்டர் பெஞ்சமினும் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டும் சேர்ந்து ஓர் இதழ் தொடங்கத் திட்டமிட்டபோது அதற்கு ‘நெருக்கடியும் விமர்சனமும்’ என்றே பெயர் வைத்தார்கள். இதழ் வெளிவரவில்லை. ஆனால் உறவுமுறை அறிந்து வைத்த பெயர் அது.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் முதன்மையாக நூலறிஞர்களின் கையில் இருந்தது. படிகளை ஒப்பிட்டு, எது மூலப் பாடம், எது பிற்சேர்க்கை என்று பிரிப்பது அவர்களுடைய ‘கிரிட்டீக்’. பிரெஞ்சு குருவான ரிச்சர்ட் சிமோன் 1678இல் பழைய ஏற்பாட்டின் விமர்சன வரலாற்றை வெளியிட்டார். புனித நூலுக்கும் பாடபேதம் உண்டு, அதற்கும் மனிதக் கைகளின் வரலாறு உண்டு என்று அவர் காட்டியபோது இந்தச் சொல் முதன்முறையாக அதிகாரத்தின் மீது உரசியது.

1781இல் இம்மானுவேல் கான்ட் அதை இன்னொரு தளத்துக்கு ஏற்றினார். ‘தூய அறிவின் விமர்சனம்’ என்ற தம் நூலில் அவர் நூல்களையோ ஆட்களையோ விசாரிக்கவில்லை. அறிவையே கூண்டில் ஏற்றினார். நீதிபதி இருக்கையிலும் அறிவுதான் அமர்ந்திருந்தது. எதை அறிய முடியும், எங்கே அறிவு தன் எல்லையை மீறுகிறது என்று அறிவே தன்னைச் சோதித்துக்கொள்ளும் வழக்கு அது. குற்றம் காணுதல் என்ற பொருளைத் தாண்டி, எல்லை காணுதல் என்ற பொருள் அப்போது சேர்ந்தது.

அடுத்த அறுபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஜெர்மன் இளைஞர்கள் இந்தச் சொல்லைத் தேய்த்தே விட்டார்கள். எதையும் ‘விமர்சனம்’ செய்தால் போதும், உலகம் மாறிவிடும் என்று நம்பிய புரூனோ பாவரையும் அவருடைய வட்டத்தையும் எதிர்த்து மார்க்ஸும் எங்கெல்ஸும் 1845இல் ‘புனிதக் குடும்பம்’ எழுதினார்கள். அதன் துணைத்தலைப்பு, விமர்சனத்தனமான விமர்சனத்தின் மீதான விமர்சனம் என்பது. ஆனாலும் மார்க்ஸ் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. 1867இல் வந்த ‘மூலதனம்’ நூலின் துணைத்தலைப்பு ‘அரசியல் பொருளாதார விமர்சனம்’. கூலி, விலை, லாபம் என்று பொருளியலாளர்கள் இயற்கையாக எடுத்துக்கொண்ட கருத்துகள் எந்த மனித உறவுகளிலிருந்து பிறந்தன என்று பிரித்துக் காட்டுவது மார்க்ஸிடம் விமர்சனத்தின் வேலையாயிற்று.

1937 கட்டுரையின் ஓர் அடிக்குறிப்பில் ஹோர்க்ஹைமர் தம் சொல்லின் குலத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். தாம் எடுத்துக்கொள்வது தூய அறிவின் விமர்சனத்திலுள்ள பொருளைவிட, அரசியல் பொருளாதார விமர்சனத்திலுள்ள பொருளே என்கிறார். மார்க்ஸின் பெயரை உரக்கச் சொல்லாமல், மார்க்ஸின் துணைத்தலைப்பைக் கொண்டு அடையாளம் காட்டினார். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பெயர்ப்பலகையில் தொடங்கிய மறைப்பு

இந்த மறைப்புக்கு ஒரு முன்கதை இருக்கிறது. பிராங்பர்ட் நகரத்தில் 1923இல் நிறுவப்பட்டு, 1924 ஜூனில் சொந்தக் கட்டடத்தில் திறக்கப்பட்டது சமூக ஆய்வு நிறுவனம். பணம் கொடுத்தது வைல் குடும்பம். அர்ஜென்டினாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தானியம் ஏற்றுமதி செய்து செல்வம் சேர்த்த ஹெர்மன் வைலின் மகன், புவனோஸ் அயர்ஸில் பிறந்த ஃபீலிக்ஸ் வைல். தந்தையின் தானியப் பணத்தை மார்க்சிய ஆய்வுக்குத் திருப்பியவர் அவர். 1923 மே மாதம் துரிங்கியாவில் அவர் ஏற்பாடு செய்த மார்க்சியப் பயில்வாரத்தில் மார்க்சியச் சிந்தனையாளர்களான லுகாச்சும் கார்ல் கோர்ஷும் கலந்துகொண்டார்கள். ஜப்பானிலிருந்து ஃபுகுமோட்டோ கசுவோவும் வந்திருந்தார்.

நிறுவனத்துக்கு முதலில் யோசித்த பெயர் ‘மார்க்சிய நிறுவனம்’. அது வம்பை விலைக்கு வாங்கும் பெயர் என்று கைவிட்டார்கள். ‘சமூக ஆய்வு’ என்ற பொதுப்பெயர் பலகையில் ஏறியது. ஆனால் முதல் இயக்குநராக வியன்னாவிலிருந்து வந்த கார்ல் குரூன்பெர்க் தம் திறப்புரையில் தாம் மார்க்சியத்தைப் பின்பற்றுபவர் என்று ஒளிக்காமல் அறிவித்தார். பலகை ஒன்றைச் சொல்ல, மேடை வேறொன்றைச் சொன்னது. அன்றைய வைமர் குடியரசில் அந்த இடைவெளியோடு வாழ முடிந்தது.

1930இல் இயக்குநர் பொறுப்புக்கு வந்த ஹோர்க்ஹைமர், 1931 ஜனவரியில் ஆற்றிய தொடக்கவுரையில் நிறுவனத்தின் வேலையை மாற்றி வரையறுத்தார். தத்துவம் பெரிய கேள்விகளை எழுப்ப வேண்டும். பொருளியல், உளவியல், சமூகவியல், வரலாறு ஆகிய துறைகள் தரவுகளைக் கொண்டு அவற்றைச் சோதிக்க வேண்டும். சோதனை முடிவு தத்துவத்தைத் திருத்த வேண்டும். அதற்கேற்ற ஆட்கள் சேர்ந்தார்கள். எரிக் ஃபிரோம் உளப்பகுப்பாய்வு, ஃபிரீட்ரிஷ் பொல்லாக் பொருளியல், லியோ லோவன்தால் இலக்கியம், ஹெர்பர்ட் மார்க்யூஸ் தத்துவம், தியோடோர் அடோர்னோ இசை.

தொழிலாளி வீட்டுச் சுவர்

இந்தக் கோட்பாட்டின் பெயர் பிறப்பதற்கு முன்பே அதன் செயல் பிறந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். அது நிகழ்ந்தது 1929இல், ஃபிரோமும் ஹில்டா வைஸும் தொடங்கிய ஒரு கணக்கெடுப்பில். ஜெர்மன் தொழிலாளர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் சுமார் 3,300 கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றிலும் 271 கேள்விகள். எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அத்தோடு நிற்கவில்லை. உங்கள் வீட்டை எந்தப் படங்களால் அழகுபடுத்தியிருக்கிறீர்கள்? பெண்கள் குட்டை முடி வைப்பதும் உதட்டுச்சாயம் பூசுவதும் உங்களுக்குப் பிடிக்குமா? பிள்ளைகளை அடிக்காமலே வளர்க்க முடியும் என்று நினைக்கிறீர்களா?

வாக்குக்கும் வாழ்வுக்கும் இருந்த தூரம் இந்தக் கேள்விகளில் புலப்பட்டது. இடதுசாரிக் கட்சிகளுக்கு வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினர், வீட்டுக்குள்ளே வலுத்தவன் சொல்லுக்கு எளியவன் அடங்கிக் கிடக்க வேண்டும் என்று நம்புபவர்களாக இருந்தார்கள். சர்வாதிகாரம் வாசலுக்கு வந்தால் எதிர்த்து நிற்பார்கள் என்று நம்பியிருந்த கூட்டத்தின் மனத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் ‘மார்க்சியம்’ என்ற சொல் போதாமல் போகிறது. உழைப்பவர்களின் நலனும் உழைப்பவர்களின் மனமும் ஒரே திசையில் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. கோட்பாடு யாருக்காகப் பேசுகிறதோ அவர்களையும் விசாரிக்க வேண்டியிருந்தது. தன் நம்பிக்கையையும் விசாரிக்க வேண்டியிருந்தது. இந்தத் தரவுகள் அப்போது முழு நூலாக வரவில்லை. 1936இல் பாரிஸில் வெளியான ‘அதிகாரமும் குடும்பமும்’ என்ற பெருந்தொகுப்பில் ஒரு பகுதி இடம்பெற்றது. எஞ்சியவற்றைக் கொண்டு முழு ஆய்வும் நூலானது 1980இல்தான்.

குழூஉக்குறியின் காலம்

1933 மார்ச் 13 அன்று காவல்துறை நிறுவனத்தைப் பூட்டியது. 60,000க்கும் மேற்பட்ட நூல்கள் பறிபோயின. நிறுவனம் ஜெனீவாவுக்கு நகர்ந்து, 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் கொடுத்த கட்டடத்தில் குடியேறியது. விருந்தாளியாக இருக்கும் நாட்டில், யூதர்களாகவும் இடதுசாரிகளாகவும் இருந்தவர்கள், ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேச வேண்டியிருந்தது.

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு வகைப்பாடு உண்டு. தகுதி வழக்கை நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. பொன்னைப் பொற்கொல்லர்கள் ‘பறி’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வது குழூஉக்குறிக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. பொருள் அதேதான், வெளியாருக்குத் தெரியாதிருக்கச் சொல் மட்டும் மாறுகிறது. புலம்பெயர்ந்த பிராங்பர்ட் குழுவினர் பல இடங்களில் செய்தது இதுதான்.

சில இடங்களில் பேரையே மாற்றினார்கள். ஹோர்க்ஹைமர் 1934இல் சூரிச்சில் வெளியிட்ட ‘அந்திப்பொழுது’ என்ற நூலில் ஆசிரியர் பெயர் ஹைன்ரிஷ் ரேகியுஸ். ஜாஸ் இசை பற்றி அடோர்னோ 1936இல் எழுதிய கட்டுரை ஹெக்டர் ரொட்வைலர் என்ற புனைபெயரில் வந்தது.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு பெஞ்சமினின் புகழ்பெற்ற கட்டுரை. எந்திரத்தால் படியெடுக்க முடிகிற காலத்தில் கலைப்படைப்புக்கு என்ன ஆகிறது என்று ஆராயும் அந்தக் கட்டுரை, 1936இல் நிறுவனத்தின் இதழில் (முதலில் சொன்ன ஆய்விதழ் இதுதான்) பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று. மார்க்ஸைப் பற்றிப் பேசிய தொடக்கப் பகுதி நீக்கப்பட்டது. ‘பாசிசம்’ இருந்த இடத்தில் ‘சர்வாதிகார அரசு’ வந்தது. ‘கம்யூனிசம்’ இருந்த இடத்தில் ‘மனிதகுலத்தின் ஆக்க சக்திகள்’ வந்தது. அரசியலைக் கலையாக்கும் பாசிசத்துக்குக் கலையை அரசியலாக்கிப் பதில் சொல்ல வேண்டும் என்பது கட்டுரையின் முடிவு. எதிரியின் பெயரும் போய், பதில் சொல்பவரின் பெயரும் போய்விட்டால் அந்த முடிவின் விசை பாதியாகிவிடும். பெஞ்சமின் வருந்தினார், வேறு வழியின்றி ஒப்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1940 செப்டம்பரில், நாஜிகளிடமிருந்து தப்பி ஸ்பெயின் எல்லையைக் கடந்த பெஞ்சமின், போர்ட்போ ஊரில் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

‘விமர்சனக் கோட்பாடு’ என்ற பெயர் இதே சூழலில் பிறந்தது. மார்க்சியம் என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதத்தக்க சொல் அது. அந்த அளவில் அது குழூஉக்குறி. ஆனால் பெஞ்சமின் கட்டுரையில் நுழைக்கப்பட்ட சொற்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ‘ஆக்க சக்திகள்’ எதையும் புதிதாகச் சொல்லவில்லை, இருந்ததை மங்கலாக்கியது. ‘விமர்சனக் கோட்பாடு’ புதிதாக ஒன்றைச் சொன்னது.

1937 கட்டுரை சொன்னது

அது என்ன? தத்துவஞானி டெகார்ட்டிலிருந்து வரும் அறிவியல் மாதிரியை ஹோர்க்ஹைமர் ‘மரபுக் கோட்பாடு’ என்கிறார். உண்மைகள் வெளியே கிடக்கின்றன. ஆய்வாளர் தள்ளி நின்று அவற்றைச் சேகரித்து, பொதுவிதிகளின் கீழ் அடுக்குகிறார். ஆய்வாளரின் சம்பளம், அவருடைய பல்கலைக்கழகம், அந்த ஆய்வு யாருக்குப் பயன்படும் என்பன ஆய்வுக்கு வெளியே நிற்கின்றன.

ஹோர்க்ஹைமரின் மறுப்பு எளிமையானது, ஆனால் தப்ப முடியாதது. நம் புலன்களுக்கு வந்துசேரும் உண்மைகள் இரண்டு முறை சமூகத்தால் வடிக்கப்பட்டவை என்கிறார். காணப்படும் பொருளுக்கு வரலாறு உண்டு. காணும் கண்ணுக்கும் வரலாறு உண்டு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் வயலும் வாய்க்காலும் தலைமுறைகளின் உழைப்பால் அமைந்தவை. அதைப் பார்த்து ‘நல்ல நிலம்’ என்றோ ‘தரிசு’ என்றோ சொல்லும் நம் அளவுகோலும் ஒரு சமூகம் தந்தது.

இதிலிருந்து விமர்சனக் கோட்பாட்டின் இரண்டு இயல்புகள் பிறக்கின்றன. முதலாவது, அது தன்னையும் விசாரணைக்குள் சேர்க்கிறது. எந்த நிலையிலிருந்து பேசுகிறேன், எந்த வசதியால் பேச முடிகிறது என்ற கேள்வி அதன் ஒரு பகுதி. இரண்டாவது, இருப்பதை விவரிப்பதோடு அது நிற்பதில்லை. மனிதர்கள் உண்டாக்கிய ஏற்பாடு மனிதர்களையே ஆட்டிப்படைக்கும்போது, அதை மாற்ற முடியும் என்ற அக்கறையோடு ஆராய்கிறது. கிரேக்க வினையின் பிரித்தெடுக்கும் வேலை, கான்ட்டின் தன்விசாரணை, மார்க்ஸின் பொருளாதார விசாரணை மூன்றும் இந்தப் பெயருக்குள் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு மார்க்யூஸ் ‘தத்துவமும் விமர்சனக் கோட்பாடும்’ எழுதியபோது பெயர் குழுவின் பெயராக உறுதிப்பட்டது.

ஒரு திருத்தம் செய்த பெரிய வேலை

மறைக்கவென்று இல்லாமல், துல்லியத்துக்காகவும் இவர்கள் சொல்லை மாற்றியிருக்கிறார்கள். அதற்குச் சிறந்த சான்று ‘பண்பாட்டுத் தொழில்’.

1938இல் நியூயார்க் வந்த அடோர்னோவுக்கு வேலை கிடைத்தது பவுல் லாசர்ஸ்ஃபெல்ட் நடத்திய வானொலி ஆய்வுத் திட்டத்தில். அலுவலகம் நியூவர்க் நகரில், மூடிக்கிடந்த ஒரு பீர் ஆலைக் கட்டடத்தில் இருந்தது. நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் பிடித்தால் ஒரு பொத்தான், பிடிக்காவிட்டால் ஒரு பொத்தான் அழுத்த, கருவி அதைப் பதிவு செய்யும். பண்பாட்டை அளந்து தரச் சொன்னார்கள் என்று அடோர்னோ பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருக்கு அது ஒப்பவில்லை. எது பிடிக்கிறது என்று கேட்பதற்கு முன், அந்தப் பிடித்தம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும் என்றார். தொழிலாளி வீட்டுச் சுவரில் தொடங்கிய கேள்வி இங்கே வானொலிப் பெட்டிக்கு வந்துசேர்ந்தது.

1941இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும், ஹாலிவுட்டுக்கு அருகிலேயே இருந்து, ‘அறிவொளியின் இயங்கியல்’ நூலை எழுதினார்கள். அதில் ஓர் அத்தியாயம் திரைப்படம், வானொலி, வார இதழ்கள் பற்றியது. வரைவுகளில் ‘மக்கள்திரள் பண்பாடு’ என்றே எழுதியிருந்தார்கள். பிறகு அதை அடித்துவிட்டுப் ‘பண்பாட்டுத் தொழில்’ என்று மாற்றினார்கள். ஏன் மாற்றினோம் என்று 1963இல் ஒரு வானொலி உரையில் அடோர்னோ விளக்கினார். முதல் சொல், அந்தப் பண்பாடு மக்களிடமிருந்து தானாக ஊற்றெடுப்பது என்ற எண்ணத்தைத் தரும். உண்மையில் அது மேலிருந்து திட்டமிட்டு, விற்பனைக்கென்றே செய்யப்படுவது. மக்களைக் குற்றவாளியாக்கும் சொல்லை நீக்கி, உற்பத்தியைச் சுட்டும் சொல்லை வைத்தார்கள். ஒரே சொல்மாற்றத்தில் விசாரணையின் திசை மாறியது.

அந்தச் சொல்லின் பின்கதை கசப்பானது. 1982இல் யுனெஸ்கோ பன்மையில் ‘பண்பாட்டுத் தொழில்கள்’ என்ற தலைப்பில் நூல் வெளியிட்டது. 1998இல் பிரிட்டன் அரசு ‘படைப்புத் தொழில்கள்’ எவ்வளவு வருமானம் தருகின்றன என்று கணக்கெடுத்தது. குற்றச்சாட்டாகப் பிறந்த சொல் அரசுத் துறையின் பெருமிதப் பெயராயிற்று.

அதே நூலில் எதிர்த்திசைத் திருத்தமும் நடந்தது. 1944இல் சிறு எண்ணிக்கையில் உருட்டச்சுப் படிகளாகச் சுற்றுக்கு விட்டதை 1947இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக்கியபோது மார்க்சியச் சொற்கள் பலவற்றை மாற்றினார்கள். ‘மூலதனம்’ பொருளாதாரம் ஆயிற்று. ‘வர்க்க சமூகம்’ ஆதிக்கம் ஆயிற்று. முதலாளியத்தைப் பற்றிப் பேசாமல் பாசிசத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்று 1939இல் உரத்து வாதிட்டவர் ஹோர்க்ஹைமர். எட்டு ஆண்டுகளில் அவர் பேனா எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்று இந்தத் திருத்தங்கள் காட்டுகின்றன.

சொல்லாமல் விடுவதையே ஆய்வு முறையாக்கிய இன்னொரு நூலும் அதே காலத்தில் உருவாயிற்று. 1950இல் அடோர்னோவும் பெர்க்லி உளவியலாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ‘அதிகார மனப்பாங்கு’. அதன் புகழ்பெற்ற அளவுகோலின் பெயரிலுள்ள ‘எஃப்’ பாசிசத்தைக் குறிக்கும். ஆனால் அந்த அளவுகோலின் எந்த வரியிலும் அந்தச் சொல் இல்லை. எந்த இன, மதச் சிறுபான்மையினரின் பெயரும் இல்லை. கீழ்ப்படிதல், தண்டனை, ஒழுக்கம் பற்றிய சாதாரண வாக்கியங்களுக்கு ஒருவர் எவ்வளவு உடன்படுகிறார் என்று பார்த்தார்கள். நேராகக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் சுற்றிவளைத்துக் கேட்டு அறிந்தார்கள். குழூஉக்குறியில் பழகிய கைகள் கண்டுபிடித்த முறை என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

நிலவறைப் பெட்டி

ஹோர்க்ஹைமர் ஜெர்மனி திரும்பினார். 1951 நவம்பரில் பிராங்பர்டில் நிறுவனம் மீண்டும் திறந்தது. அவர் பல்கலைக்கழக ரெக்டராகவும் ஆனார். பனிப்போர்க் காலம், அரசுப் பணமும் நன்மதிப்பும் வேண்டியிருந்தன. நிறுவனத்தின் 1930களின் இதழ் மறுபதிப்பு காணவில்லை. 1956இல் உதவியாளராகச் சேர்ந்த யூர்கன் ஹேபர்மாஸ், அந்த இதழின் முழுத் தொகுதி ஆணியடித்த பெட்டியில் நிறுவனத்தின் நிலவறையில் கிடந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பழைய கட்டுரைகள் மாணவர் கையில் போய்விடக் கூடாது என்ற அச்சம் ஹோர்க்ஹைமருக்கு. ஹேபர்மாஸின் தீவிரத்தையும் அவர் விரும்பவில்லை. ஹேபர்மாஸ் மார்பர்க் சென்று தம் ஆய்வை முடித்தார்.

வேறு சொல்லால் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. தம் சொல்லையே தம் மாணவரிடமிருந்து மறைத்ததற்கு எந்தக் காரணமும் போதாது. தன்னையும் விசாரணைக்குள் சேர்ப்பதே விமர்சனக் கோட்பாடு என்று எழுதியவர், அந்த எழுத்தையே விசாரணைக்கு எட்டாமல் வைத்தார். இந்த மரபின் மீது எனக்குள்ள மதிப்பைக் குறைத்துக்கொள்ளாமலே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர்கள் பழைய கட்டுரைகளைத் திருட்டுப் பதிப்புகளாக அச்சிட்டுப் பரப்பினார்கள். அதன் பிறகே, 1968இல், ஹோர்க்ஹைமர் ‘விமர்சனக் கோட்பாடு’ என்ற தலைப்பில் இரண்டு தொகுதிகளாக அவற்றை வெளியிட ஒப்பினார். சொல் மீண்டும் பொதுவெளிக்கு வந்தது அந்த இளைஞர்களால்.

‘பிராங்பர்ட் பள்ளி’ என்ற பெயரும் இந்தக் காலத்ததே. 1960களில் வெளியார் இட்ட பெயர் அது. ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டாலும் இந்த மரபின் அடிப்படை நூல்கள் பல அந்த ஊருக்கு வெளியே, நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் எழுதப்பட்டவை.

இதற்கிடையே ‘விமர்சனம்’ என்ற சொல்லுக்கு இன்னொரு உரிமையாளரும் வந்தார். 1961இல் டூபிங்கன் நகரில் கார்ல் பாப்பரும் அடோர்னோவும் சமூக அறிவியலின் தருக்கம் பற்றி உரையாற்றினார்கள். பாப்பரின் சிந்தனைக்கு ‘விமர்சனப் பகுத்தறிவுவாதம்’ என்று பெயர். அவருக்கு விமர்சனம் என்பது கருதுகோளைத் தவறு என்று நிரூபிக்க முயல்வது. அடோர்னோவுக்குக் கருதுகோளோடு அது முடிவதில்லை. தவறு சமூகத்தின் அமைப்பிலேயே இருந்தால் அதையும் விமர்சனம் எட்ட வேண்டும். இருவரும் ஒரே சொல்லை ஆண்டார்கள்.

1969 ஜனவரி 31 அன்று மாணவர்கள் நிறுவனக் கட்டடத்துக்குள் திரண்டார்கள். ஆக்கிரமிப்பு என்று கருதி அடோர்னோவும் சக ஆசிரியர்களும் காவல்துறையை அழைத்தார்கள். 76 பேர் கைதானார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து மார்க்யூஸ் கடிதங்களில் அதைக் கண்டித்தார். அந்த ஆகஸ்டில் அடோர்னோ சுவிட்சர்லாந்தில் மாரடைப்பால் இறந்தார். கோட்பாடு செயலாக எப்போது மாற வேண்டும், யார் மாற்ற வேண்டும் என்ற கேள்வி தீராமலே நின்றது.

பின்வந்தவர்கள் சொல்லின் தளத்தை மாற்றினார்கள். ஹேபர்மாஸ் 1981இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘தொடர்பாடல் செயல் கோட்பாடு’, விமர்சனத்துக்கு அளவுகோலை உரையாடலிலேயே தேடியது. பேசுகிற எவரும் நியாயம் கேட்கவும் சொல்லவும் கடமைப்படுகிறார் என்பது அதன் அடித்தளம். அக்ஸல் ஹோனெத் 1992இல் ‘அங்கீகாரத்துக்கான போராட்டம்’ எழுதி, அவமதிக்கப்பட்டவர்களின் வலியிலிருந்து விமர்சனம் தொடங்குகிறது என்றார். அமெரிக்காவில் சட்டம், இனம், கல்வி ஆகிய துறைகளிலும் ‘விமர்சன’ என்ற அடைமொழி பரவியது. அடோர்னோவிடமும் மார்க்யூஸிடமும் பயின்ற ஏஞ்சலா டேவிஸ் போன்றவர்கள் இனவொடுக்குமுறை, சிறை ஆகியவை பற்றிய ஆய்வுக்கு இந்த மரபைக் கொண்டுசென்றார்கள்.

தமிழில் எந்தச் சொல்

இவ்வளவு வரலாறு சுமந்த சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘திறனாய்வு’ அழகான ஆக்கம். ஆனால் அது படைப்பின் திறத்தை ஆய்வது. ‘திறனாய்வுக் கோட்பாடு’ என்றால் இலக்கியத் திறனாய்வுக்கான கோட்பாடு என்றே வாசகர் கொள்வார். ‘பிராங்பர்ட் பள்ளி’ என்பதிலும் இடர் உண்டு. பள்ளி சமண, பௌத்தத் துறவியர் உறைவிடமாக இருந்து, அங்கே கல்வி நடந்ததால் கல்விக்கூடமானது. இன்று அந்தச் சொல் மணியடிக்கும் கூடத்தைத்தான் நினைவூட்டுகிறது. ‘பிராங்பர்ட் சிந்தனை மரபு’ என்பது குழப்பம் தராது.

‘விமர்சனம்’ என்ற வடசொல்லுக்கோ எதிர்பாராத ஆழம் இருக்கிறது. தொடுதல், தடவி அறிதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருவது அது. காஷ்மீர சைவத்தில் ‘பிரகாசம்’ ஒளி என்றால், ‘விமர்சம்’ அந்த ஒளி தன்னைத் தானே உணர்வது. கான்ட் அறிவுக்குச் சொன்ன தன்விசாரணைக்கு மிக அருகில் வரும் கருத்து இது. நாட்டிய சாஸ்திரம் கூறும் ஐந்து சந்திகளில் நான்காவதும் விமர்சம்தான். பலன் கைக்கெட்டும் நேரத்தில் தடை குறுக்கிட்டு, கதை தயங்கித் திரும்பும் கட்டம். கிரேக்கத்தில் உடன்பிறப்புகளாக நின்ற நெருக்கடியும் விமர்சனமும் வடமொழியில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று கடன்படாத இரண்டு வேர்கள் ஒரே அனுபவத்தை அடைந்திருக்கின்றன: நின்று திரும்பிப் பார்க்கவேண்டிய தருணமும் அந்தப் பார்வையும் பிரியாதவை.

ஆகவே ‘விமர்சனக் கோட்பாடு’ என்ற தமிழ்ப் பெயரை நான் விரும்பியே ஏற்கிறேன். நம் அன்றாட வழக்கில் அந்தச் சொல் படம் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவதாகவும், பிடிக்காதவரை ஏசுவதாகவும் சுருங்கிக் கிடக்கிறது. அந்தச் சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே ‘கோட்பாடு’ என்று ஒட்டினால் பயனில்லை. விமர்சிப்பவர் தம் இடத்தையும் தம் வசதியையும் தம் சொற்களையும் சேர்த்து விசாரித்தால்தான் அந்தப் பெயருக்குத் தகுதி. ஒருவர் தம்மை விமர்சகர் என்று சொல்லும்போது அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எதை எதிர்க்கிறீர்கள் என்பதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் சொற்களில் எது வேறொரு சொல்லுக்குப் பதிலாக நிற்கிறது, அந்தப் பதிலீடு உங்களைக் காக்கிறதா, உண்மையைக் காக்கிறதா என்று கேட்கலாம். ஹோர்க்ஹைமர் 1937இல் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்க முடியும், 1950களில் முடிந்திருக்காது. அவர் கொடுத்த அளவுகோலாலேயே அவரை இப்படி அளக்க முடிகிறது என்பதுதான் அந்தக் கோட்பாடு இன்னும் உயிரோடிருப்பதற்குச் சான்று.